சர்வர் மூடினால் நம் பேச்சு எங்கே போகும்?

போன இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "ஒரே கம்பெனியின் கையில் இல்லாத விவாதக் குழுக்களும் இணையத்தில் உண்டு, நான் இப்போது அங்கேதான் அதிகம் இருக்கிறேன்" என்று இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கங்களை நிரப்பிவிட்டன. வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வணக்கம் அம்மா. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் கணிதம் கற்பித்தல் பற்றிய குழுக்களை விரும்பிப் படிப்பவள் நான். "லெம்மிக்கு வந்துவிடும்மா" என்கிறான் என் மகன். போய்ப் பார்த்தால் எடுத்த எடுப்பில் "எந்த சர்வர்?" என்று கேட்கிறது. குழம்பிப்போய் மூடிவிட்டேன். அது என்ன? எதற்காக அங்கே போக வேண்டும்?
- பள்ளி ஆசிரியை, தேவகோட்டை

பதில்: அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போனவர்கள் ஏராளம், டீச்சர். முதலில் மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஜிமெயில் இருக்கும், உங்கள் தங்கையிடம் வேறொரு நிறுவனத்தின் முகவரி இருக்கும். இருந்தாலும் கடிதம் போகிறது, வருகிறது. லெம்மியும் அப்படித்தான். அது ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் நிறுவி நடத்தலாம், அதைத்தான் சர்வர் என்கிறோம். ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் உள்ள குழுவில் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம், வோட்டுப் போடலாம். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத்துக்கான நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை முறைப்படி வெளியிட்டது. ட்விட்டரைப் போலத் தோன்றும் மாஸ்டடானும் இதே விதிமுறையில்தான் ஓடுகிறது. இந்த மொத்தக் கூட்டத்தையும் ஃபெடிவெர்ஸ் என்கிறார்கள்.

எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு 2023-ல் நடந்ததைச் சொல்கிறேன். ரெட்டிட்டைப் படிக்க வெளியார் செய்த செயலிகள் பல இருந்தன. அவை ரெட்டிட்டிலிருந்து தகவல் எடுப்பதற்கு இனிமேல் கட்டணம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அப்பல்லோ என்ற செயலியைச் செய்தவர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்றார். எதிர்ப்பாக ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. நிறுவனம் அசையவில்லை. ஜூன் 30-ஆம் தேதி அப்பல்லோ மூடப்பட்டது.

இதில் என் மனதைத் தொட்டது பார்வையற்றோருக்கான ரெட்டிட் குழுவின் கதை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரோடு ரெட்டிட்டின் சொந்தச் செயலி சரியாக வேலை செய்யாததால், அவர்களில் பலர் வெளியார் செயலிகளை நம்பியிருந்தார்கள். குழுவை மேற்பார்த்து ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர்களுக்கே அதே நிலைமை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆர்பிளைண்ட் என்ற பெயரில் சொந்தமாக ஒரு லெம்மி சர்வரைத் தொடங்கிவிட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தங்களுக்கு எது வசதியோ அதை அவர்களே வைத்துக்கொள்ளலாம். மற்ற சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசலாம். இந்த அமைப்பின் பலம் என்ன என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இவர்களைப் பற்றித்தான்.

உங்கள் மகன் இருக்கும் சர்வரிலேயே கணக்குத் தொடங்குங்கள் டீச்சர். அவன் ஒரு வாரம் கூட இருந்து காட்டிக்கொடுத்தால் பழகிவிடும்.

கேள்வி: இதை ஏதோ புதுப் புரட்சி மாதிரி இளைஞர்கள் பேசுகிறார்கள். உண்மையிலேயே புதிதா, இல்லை பழைய சரக்கா?
- ஆய்வு மாணவர், மதுரை

பதில்: பழையதுதான், தம்பி. என் வயதுக்காரர்கள் பலர் இணையத்தில் முதலில் நுழைந்த இடமே இப்படிப்பட்டதுதான். யூஸ்நெட் என்று பெயர். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-ல் அதை யோசித்தார்கள். 1980-ல் அது பக்கத்தில் இருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஓடத் தொடங்கியது. ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தொலைபேசி போட்டு, தன்னிடம் புதிதாக வந்த செய்திகளைக் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பதை வாங்கிக்கொள்ளும். அது அடுத்ததற்குக் கொடுக்கும். நடுவில் எஜமானன் கிடையாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் "ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன்" என்று அறிவித்ததும், அதே மாதம் டிம் பெர்னர்ஸ்-லீ வேர்ல்டு வைட் வெப் பற்றி அறிவித்ததும் யூஸ்நெட் குழுக்களில்தான்.

மேற்படிப்புக்காக 1990-களின் நடுவில் அமெரிக்காவில் இருந்தபோது, நான் ராத்திரி ஆய்வகத்தில் உட்கார்ந்து சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவைப் படிப்பேன். தமிழை ரோமன் எழுத்தில் தட்டெழுத வேண்டும். படிக்கக் கண் வலிக்கும். ஆனாலும் ஊரிலிருந்து கடிதம் வர இரண்டு வாரம் ஆன காலத்தில், சங்கப் பாட்டுக்கு உரை சொல்கிறவரும் ரசத்துக்குப் புளி அளவு கேட்கிறவரும் ஒரே இடத்தில் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் அது ஏன் தேய்ந்தது? நீங்கள் ஆய்வு செய்கிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைய லெம்மிக்கும் மாஸ்டடானுக்கும் உள்ள பலவீனங்கள் அத்தனையும் அந்தக் கதையிலேயே இருக்கின்றன.

அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி 1994 ஏப்ரலில் "கிரீன் கார்டு லாட்டரிக்கு நாங்கள் உதவுகிறோம்" என்ற ஒரே விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டார்கள். செடி வளர்ப்பு, வானியல், சமையல் என்று எந்தக் குழுவைத் திறந்தாலும் அதே விளம்பரம். இதைத் தடுக்க வேண்டியவர் யார்? யாருமே இல்லை. ஆத்திரப்பட்ட ஒரு நார்வே நிரலாளர், அந்தப் பதிவுகளைத் தேடி ரத்து செய்யும் நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டார். அது நல்ல காரியம்தான். ஆனால் அவரால் இன்னொருவர் பதிவை ரத்து செய்ய முடிந்தது என்றால், அது யாராலும் முடியும் என்றுதானே ஆகிறது? அடுத்தவர் பெயரில் ரத்து உத்தரவு அனுப்பி, பிடிக்காத பேச்சை அழிக்கிறவர்களும் வந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்று நம்பிக் கட்டிய அமைப்பு அது. அறிமுகம் இல்லாத கூட்டம் உள்ளே வந்ததும் தாங்கவில்லை.

இதே கதை 2024 பிப்ரவரியில் மாஸ்டடானில் திரும்ப நடந்தது. யாராவது ஆசையாகத் தொடங்கி, பிறகு எட்டிக்கூடப் பார்க்காமல் விட்ட சின்ன சர்வர்கள் பல திறந்து கிடந்தன. சிலர் அவற்றில் தானியங்கி முறையில் கணக்குகளைத் திறந்து, மற்ற சர்வர்களுக்கும் குப்பைப் பதிவுகளை வெள்ளமாக அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாஸ்டடான் மென்பொருளில் ஒரு மாற்றம் வந்தது: ஒரு வாரமாக மாடரேட்டர் யாரும் தலைகாட்டாத சர்வரில், அனுமதி இல்லாமல் புதியவர் சேரும் வசதி தானாக நின்றுவிடும். முப்பது வருடப் பாடத்தைக் கடைசியில் மென்பொருளிலேயே எழுதி வைத்தார்கள் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

யூஸ்நெட் இன்னும் சாகவில்லை, சர்வர்கள் ஓடுகின்றன. ஆனால் பிறந்த வீடான டியூக் பல்கலைக்கழகம் 2010-ல் தன் சர்வரை நிறுத்திவிட்டது. பழைய பதிவுகளின் பெரிய தொகுப்பை கூகுள் 2001-ல் வாங்கியது. 2024 பிப்ரவரியோடு புதுப் பதிவுகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. நூற்றுக்கணக்கான இடங்களில் பரவியிருந்த பேச்சைத் தேடுவதற்கு நாங்கள் எல்லோரும் ஒரே கம்பெனியின் வாசலில் போய் நிற்கும்படி ஆயிற்று. உங்கள் ஆய்வுக்கு இது நல்ல புள்ளி என்று நினைக்கிறேன்.

கேள்வி: இணையத்தில் தமிழ் எழுதப் பழகியதே எங்களுக்கு யாஹூ குழுமங்களில்தான். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எவ்வளவு பேச்சு, எவ்வளவு சண்டை, எவ்வளவு நட்பு! ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். நீங்கள் சொல்லும் இடங்களில் அப்படி நடக்காது என்று உறுதி தர முடியுமா?
- ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, சார். யாஹூ 2019 அக்டோபரில் புதிதாக எதையும் ஏற்றுவதை நிறுத்தியது. பழைய தொகுப்புகளை அழித்தது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களையே மூடியது. தமிழில் யூனிகோடு பரவுவதற்கு முன்பு, எந்த எழுத்துரு, எந்தக் குறியாக்கம் என்று தடுமாறியபடியே மக்கள் எழுதிப் பழகிய காலத்தின் பதிவு அது. யாராவது தனியாகச் சேமித்து வைத்தது மட்டும்தான் மிச்சம்.

உறுதி தர முடியாது, சார். இங்கேயும் சர்வர்கள் மூடப்படுகின்றன. மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற பிரபலமான சர்வரை நடத்தியவர், இனி தன்னால் நேரம் ஒதுக்க முடியாது என்று சொல்லி 2022 கடைசியில் நிறுத்தினார். கேபின் என்ற மென்பொருளை போலந்தில் ஒரு தனி ஆள் எழுதி, அதன் முதன்மை சர்வரையும் அவரே நடத்தினார். அவருக்கு உடல்நிலையும் சூழ்நிலையும் ஒத்துழைக்காமல், 2024-ல் அது நின்றுபோனது. இன்னொரு விதமான ஆபத்தும் உண்டு: முகவரியே பறிபோவது. டாட் எம்எல் என்று முடிவது மாலி நாட்டுக்கான இணைய முகவரி. ஓசியில் கிடைத்ததால் பலர் அதில் சர்வர் வைத்திருந்தார்கள். 2023-ல் அந்த முகவரிகள் மாலி அரசின் நிர்வாகத்துக்குத் திரும்பியபோது சில சர்வர்கள் ஒரே நாளில் வழி தெரியாமல் போயின. ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் முகவரியில் இருந்த ஒரு சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் ரத்து செய்தது.

ஆனால் யாஹூவில் நடந்ததற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. என் அனுபவத்தையே சொல்கிறேன். நான் மாடரேட்டராக இருக்கும் மாடித்தோட்டக் குழு முதலில் இருந்த சர்வரை ஐரோப்பாவில் ஒருவர் தனியாக நடத்திவந்தார். உடல்நிலை சரியில்லை, மூடப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்து அவகாசம் கொடுத்தார். நாங்கள் வேறொரு சர்வரில் அதே பெயரில் குழு தொடங்கி, பழைய இடத்தில் முகவரியை ஒட்டி வைத்தோம். பெரும்பாலானவர்கள் வந்துவிட்டார்கள், அவர்களில் பலர் வேறு வேறு சர்வர்களில் கணக்கு வைத்திருந்ததால், அவர்களுக்கு இது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். லெம்மியில் ஒரு பதிவு போட்டால், அந்தக் குழுவைப் பின்தொடரும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பிரதி போய்விடும். எங்கள் சர்வர் மூடிய பிறகும் பழைய உரையாடல்கள் மற்ற சர்வர்களில் படிக்கக் கிடைத்தன. படங்கள் மட்டும் பெரும்பாலும் போய்விட்டன. கீழாநெல்லியா, அதைப் போலவே இருக்கும் வேறு செடியா என்று இலை இலையாகப் படம் போட்டு இரண்டு பாட்டிமார் வாதாடிய ஒரு நீண்ட உரையாடல் இருந்தது. வாதம் இருக்கிறது, இலைகள் இல்லை. அதற்கு இன்றும் வருந்துகிறேன்.

மாஸ்டடானில் சர்வர் மாறினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் தானாகக் கூடவே வருவார்கள். நீங்கள் எழுதியது வராது. லெம்மியில் எந்தெந்தக் குழுக்களில் இருந்தீர்கள் என்ற பட்டியலையும் உங்கள் செட்டிங்ஸையும் கோப்பாக எடுத்துக்கொண்டு போகலாம், பதிவுகள் வராது. எழுதியதும் கூட வர வழி செய்யாத வரை இது பெரிய குறை, சார். ஆகவே முக்கியமானதை உங்கள் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். யாஹூவில் பட்டவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. படம் வரைவாள். மாஸ்டடானில் ஓவியர்கள் சர்வர் ஒன்றில் சேரட்டுமா என்று கேட்கிறாள். மேலிடம் என்று ஒன்று இல்லாத இடத்தில் ஏதாவது தப்பு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: பயப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது அம்மா, மறைக்க மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் மாஸ்டடான் சர்வர்களில் தேடிப் பார்த்தபோது, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் படங்கள் என்று ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டவை இரண்டே நாளில் 112 முறை சிக்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய லெம்மி சர்வரின் குழு ஒன்றில் சிலர் வேண்டுமென்றே அப்படிப்பட்ட படங்களைப் போட்டார்கள். பிரதி பரவும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வசதியே இங்கே எதிரியாக மாறியது. ஒரு தப்பும் செய்யாத மற்ற சர்வர்க்காரர்களின் கணினிகளிலும் அந்தப் படங்கள் போய் உட்கார்ந்தன. சட்டத்துக்குப் பயந்து சிலர் கடையையே கட்டினார்கள். பெரிய கம்பெனிகளிடம் இப்படிப்பட்டதைச் சலிக்க ஆளும் கருவியும் இருக்கின்றன. இங்கே ராத்திரி வேலை முடிந்து வந்து உட்காரும் தன்னார்வலர்தான் அதைக் கண்ணால் பார்த்து நீக்க வேண்டும். இந்தச் சுமையைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அதே சமயம், நல்ல சர்வரில் புகார் கொடுத்தால் அதைப் படிப்பவர் மனிதர். பெயர் தெரியும், பதில் வரும். ஒரு சர்வரே மோசமாக இருந்தால் அதோடு மொத்தமாகத் தொடர்பை வெட்டலாம். வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் தளம் 2019-ல் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, மேலிடம் என்று ஒன்று இல்லாமலே, ஏராளமான சர்வர்கள் தாங்களாகவே அதைத் தடுத்து ஒதுக்கின.

உங்கள் மகள் சேர விரும்பும் சர்வரின் விதிகள் பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். எத்தனை மாடரேட்டர்கள், 16 வயதில் சேர அனுமதி உண்டா, எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தடுத்த சர்வர்களின் பட்டியலைப் பல சர்வர்கள் வெளிப்படையாகவே போட்டிருக்கும். நீளமாக இருந்தால் நல்ல அறிகுறி. இன்னொன்றை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள்: தனிச்செய்தி என்று இருப்பதை சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும். அமெரிக்காவில் 2023-ல் கொலெக்டிவா என்ற சர்வரை நடத்திய குழுவில் ஒருவரின் வீட்டை வேறொரு வழக்குக்காக எஃப்பிஐ சோதனை போட்டது. சர்வரில் எழுதப்பட்டவை சேமிக்கப்பட்ட தரவுத்தளத்தின் பிரதி ஒன்று ரகசியக் குறியீட்டுப் பூட்டு இல்லாமல் அங்கே இருந்தது, அதுவும் அவர்கள் கைக்குப் போனது. ஆகவே தொலைபேசி எண், பள்ளிக்கூடப் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் தனிச்செய்தியில்கூட வேண்டாம்.

கேள்வி: இத்தனைக்கும் காசு யார் தருகிறார்கள்?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் பயனாளர்களின் நன்கொடை, மீதி நடத்துகிறவரின் சொந்தப் பணம். லெம்மி மென்பொருளை எழுதியவர்களுக்கு நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. நான் இருக்கும் சர்வருக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பணம் அனுப்புகிறேன். உங்களால் முடியாவிட்டால் மாடரேட்டர் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவும் அமெரிக்காவும் தூங்கும் நேரத்தில் இந்தியாவில் முழித்திருக்கும் மாணவருக்கு எந்த சர்வரிலும் வரவேற்பு உண்டு.

கேள்வி: நீங்கள் எவ்வளவுதான் சொன்னாலும், அங்கே தமிழ் ஆட்கள் இல்லை. நான் 2019-லேயே மாஸ்டடானில் சேர்ந்து, பேச ஆளில்லாமல் திரும்பி வந்தவன்.
- மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: உண்மைதான். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை எதிர்த்து 2019 நவம்பரில் இந்தியர்கள் ஒரு பெருங்கூட்டமாக மாஸ்டடானுக்கு வந்தார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். ட்விட்டர் கைமாறிய 2022-லும் அதேதான். மாமாவும் அத்தையும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது புது வாடகை வீட்டில் தனியாக எத்தனை நாள் இருப்பார்கள்?

இருக்கும் கொஞ்சம் பேரும் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது அடுத்த கஷ்டம். தோட்டக்கலை என்று தேடினால் வெவ்வேறு சர்வர்களில் ஒரே பெயரில் குழுக்கள் வரும். ஒன்றில் கேட்ட கேள்வி அடுத்ததில் இருப்பவருக்குத் தெரியாது. கூகுளில் தேடினாலும் எளிதில் மேலே வராது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கூட்டம் பெரிதாக இருக்க வேண்டிய பேச்சும் உண்டு, தேவையில்லாத பேச்சும் உண்டு. சினிமா முதல் நாள் காட்சி பற்றிப் பேச உங்களுக்குப் பத்தாயிரம் பேர் வேண்டும். அதற்கு எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளமே சரி. எங்கள் மாடித்தோட்டக் குழுவில் தினமும் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கத்தரியில் வெள்ளை ஈ என்று போன மாதம் ஒருவர் கேட்டார். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்கிறவர் வேப்பெண்ணெய்க் கரைசலை எந்த நேரத்தில், இலையின் எந்தப் பக்கம் தெளிக்க வேண்டும் என்று எழுதினார். டொரன்டோவில் பால்கனியில் கத்தரி வளர்ப்பவர் மஞ்சள் ஒட்டுப்பொறியின் படம் போட்டார். நடுவில் ஒரு விளம்பரம் இல்லை. யாரைக் கோபப்படுத்தினால் இன்னும் நேரம் இருப்பார்கள் என்று கணக்குப் போடும் நிரலும் இல்லை.

நீங்கள் மென்பொருள் தெரிந்தவர் என்பதால் நேரடியாகவே கேட்கிறேன். லெம்மியின் திரையில் வரும் சொற்களைத் தமிழில் மொழிபெயர்க்கவும் திருத்தவும் உதவி வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் தர முடியுமா? முடியும் என்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிவிடலாம்.